கீட்டோனின் ஆவி அழுத்தத்தை அளப்பது எப்படி?

அத்தியாயம் 7

வண்ணப்பூச்சு, காலணிப் பசை, அச்சு மை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும் தொழிற்கூடத்தில் கீட்டோனும் இருக்கும். அசிட்டோன், எம்.இ.கே., எம்.ஐ.பி.கே. என்று டிரம்மில் எழுதியிருக்கும். தின்னர் என்ற பொதுப்பெயரில் வருவதிலும் பல நேரம் இவை கலந்திருக்கும். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட் பகுதிகளில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களும், பர்கூர் அரசினர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் செய்முறைப் பாடம் படிப்பவர்களும் இந்த அளவீட்டைத் தாங்களே செய்துவிடலாம். வீட்டுச் சமையலறையிலும் மாடி அறையிலும் மட்டும் வேண்டாம். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் இல்லாத இடத்தில் இந்த அத்தியாயத்தைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெரிய வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான். மூடிய குடுவையில், காற்றே இல்லாமல், திரவமும் அதன் ஆவியும் மட்டும் இருந்தால் அந்த ஆவி தரும் அழுத்தமே ஆவி அழுத்தம். அது வெப்பநிலையைப் பொறுத்தது. திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. “காற்றே இல்லாமல்” என்ற சொற்களில்தான் முக்கால்வாசி வேலை அடங்கியிருக்கிறது. தவறாக வரும் அளவுகளில் பெரும்பாலானவை திரவத்துக்குள் கரைந்து கிடக்கும் காற்றினால் வருபவை. மிச்சம், போச்சம்பள்ளியின் காற்றழுத்தத்தை 760 என்று எடுத்துக்கொள்வதால் வருபவை.

முதலில் உங்கள் ஊரின் காற்றழுத்தம்

760 மி.மீ. பாதரசம் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலும் ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கம் காற்றழுத்தம் 720 மி.மீ. அருகே இருக்கும், ஓசூரில் 682 அருகே. அதனால்தான் தண்ணீர் இங்கே 98.5 டிகிரியிலும் ஓசூரில் 97 டிகிரியிலும் கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோன் இங்கே 54.5 டிகிரியிலும் ஓசூரில் 53 டிகிரியிலும் கொதிக்கும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்ட முகப்புள்ள சாதாரண வாக்குவம் கேஜ், வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதைத்தான் காட்டும். 30 டிகிரி அசிட்டோனில் அது 435 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 720-லிருந்து கழித்தால் 285, அதுவே சரியான விடை. 760-லிருந்து கழித்தால் 325. அந்த 40 மி.மீ. வித்தியாசம் வெப்பநிலையில் 3 டிகிரிக்கு மேல் தவறு செய்ததற்குச் சமம்.

குறிப்பு: கைப்பேசியில் வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தை எடுக்காதீர்கள். அது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். ஓசூரில் இருந்தாலும் 1010 மில்லிபார் அருகே காட்டும். முழு அழுத்தத்தைக் காட்டும் டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. அதைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் உங்கள் ஆய்வகத்தின் உண்மையான காற்றழுத்தத்தைக் காட்டிவிடும். மில்லிபாரில் வந்தால் 0.75 ஆல் பெருக்குங்கள், மி.மீ. பாதரசம் கிடைக்கும்.

எந்த முறை?

முறைகள் பல உண்டு. 20 முதல் 50 டிகிரி வரை கீட்டோன்களுக்கு நான் பரிந்துரைப்பது ஐசோடெனிஸ்கோப். 1910-இல் அலெக்சாண்டர் ஸ்மித்தும் ஆலன் மென்சீஸும் வெளியிட்ட இந்தக் கண்ணாடிக் கருவி இன்றும் தர நிர்ணய முறைகளில் இடம்பெறுகிறது. ஒரு சிறு குமிழ்; அதன் கழுத்திலிருந்து ‘U’ வடிவில் வளைந்த குழாய்; குழாயின் மறுமுனை வாக்குவம் பக்கம் போகிறது. குமிழிலும் வளைவிலும் ஒரே திரவம் இருக்கும். வளைவின் இரண்டு பக்கமும் திரவம் ஒரே மட்டத்தில் நின்றால் உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தமும் வெளியே கேஜ் காட்டும் அழுத்தமும் சமம். கண்ணால் மட்டம் பார்த்து, கேஜில் எண்ணைப் படித்தால் போதும். பாதரசம் தேவையே இல்லை. பழைய பாதரச மானோமீட்டர் அலமாரியில் இருந்தாலும் எடுக்காதீர்கள். உடைந்தால் அறையே நஞ்சாகும்.

தேவையானவை

ஐசோடெனிஸ்கோப், சிறிய கன்டென்சர், பனிக்கட்டியில் அமிழ்த்தி வைக்கும் ஆவிபிடிக்கும் குப்பி, 2 முதல் 5 லிட்டர் வரை கொள்ளும் உலோக உருளை அல்லது தடித்த கண்ணாடிக் குடுவை, முழு அழுத்த கேஜ், நுண்ணிய திருகு வால்வு இரண்டு, டயாஃபிரம் பம்ப், 0.1 டிகிரி கோடுள்ள வெப்பமானி, 5 லிட்டர் கண்ணாடி பீக்கர். இவற்றை இதே வரிசையில் இணைக்க வேண்டும்: ஐசோடெனிஸ்கோப், அதன் மேல் நிமிர்ந்த கன்டென்சர், பிறகு குளிர்ந்த குப்பி, பிறகு உருளையும் கேஜும், கடைசியில் பம்ப். வால்வு ஒன்று பம்புக்கும் உருளைக்கும் இடையில். இன்னொன்று உருளையிலிருந்து வெளிக்காற்றுக்கு.

உருளை எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் வால்வை ஒரு மயிரிழை திருப்பினாலும் அழுத்தம் துள்ளும். வளைவில் திரவம் ஒரு நொடிகூட நிலைகொள்ளாது. குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருளையாக வைக்க முயலாதீர்கள், நசுங்கிவிடும்.

கீட்டோன் எதையெல்லாம் தின்னும் என்பதைத் தெரிந்துகொண்டு பொருள் வாங்குங்கள். பி.வி.சி. குழாய் விறைத்து வெடிக்கும். நைட்ரைல் ரப்பரும் வைட்டான் ரப்பரும் ஊதிப்போகும். வைட்டான் விலை அதிகம் என்பதால் எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. டெஃப்லான் குழாய், இ.பி.டி.எம். அல்லது பியூட்டைல் ரப்பர் வளையம் போதும். கையுறையும் பியூட்டைல்தான்; நீல நிற நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் கடந்து தோலுக்கு வந்துவிடும். பனிக்கட்டியைத் தெர்மோகோல் பெட்டியில் வைக்காதீர்கள். அசிட்டோன் சிந்தினால் தெர்மோகோல் கண்ணெதிரே கரைந்து, பனிநீர் மேசையெங்கும் ஓடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அக்ரிலிக் தொட்டியும் ஆகாது, வெடித்துக் கீறும்.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

அசிட்டோனின் ஆவி −20 டிகிரியிலேயே தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு எழும். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அதன் நிலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே எரியும் கலவை. 100 மி.லி. சிந்தி முழுதும் ஆவியானால் ஒரு கன மீட்டருக்கும் அதிகமான காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவரும். அந்த ஆவி காற்றைப் போல இரு மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து போய், அடுத்த மேசையடியில் இருக்கும் சுவிட்சைத் தொடும்.

1. ஒரு நேரத்தில் 20 மி.லி.க்கு மேல் ஹூட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பெரிய பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.
2. பன்சன் பர்னர், சுருள் ஹீட்டர், வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. வெந்நீரை வேறு அறையில் காய்ச்சிக் கொண்டுவந்து பீக்கரில் கலந்து வெப்பநிலையைக் கூட்டுங்கள். 20 முதல் 50 டிகிரிக்கு இது தாராளமாகப் போதும்.
3. பம்பின் வெளியேற்றுக் குழாயை ஹூட்டுக்குள்ளேயே விடுங்கள். பம்ப் உறிஞ்சுவது அசிட்டோன் ஆவி. அதை அறைக்குள் துப்பவிட்டால் ஹூட் இருந்தும் பயன் இல்லை.
4. காற்று இழுத்த கண்ணாடி உள்நோக்கி வெடிக்கும். குடுவையை டேப்பால் சுற்றுங்கள். கீறல் உள்ள கண்ணாடியைப் பயன்படுத்தாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாத யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது, பார்க்க வந்த மேலாளரானாலும் சரி.
5. அசிட்டோன் ஒட்டியிருக்கும் கண்ணாடியை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த அமிலக் கழுவுநீரில் போடாதீர்கள். தொட்டால் வெடிக்கும் பொருள் உருவாகும். முதலில் தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள்.
6. கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.
7. தனியாகச் செய்யாதீர்கள்.

மாதிரியை உலர்த்துதல்

அசிட்டோன் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நீர் சேர்ந்தால் ஆவி அழுத்தம் இறங்கும். நீரற்ற கால்சியம் சல்பேட்டில் ஓர் இரவு வைத்து, மேலே நிற்பதை மெதுவாக வடித்து எடுங்கள். கால்சியம் குளோரைடு அசிட்டோனுடனேயே சேர்ந்துகொள்ளும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் அசிட்டோனை வேறு பொருளாக மாற்றத் தொடங்கும். சோடியம் உலோகத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

முதல் நாள்: தண்ணீரில் பழகுங்கள்

அசிட்டோனைத் தொடுமுன் வடிநீரில் முழு அளவீட்டையும் செய்து பாருங்கள். இதற்கு ஒரு நாள் ஒதுக்குவது வீணல்ல. கை பழகும், கருவியின் குறைகளும் தெரிந்துவிடும். தண்ணீரின் ஆவி அழுத்தம் 30 டிகிரியில் 31.8, 40-இல் 55.3, 50-இல் 92.5 மி.மீ. உங்கள் எண் 2 மி.மீ.க்குள் வந்தால் மேலே போகலாம். எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவு கூடுதலாக வந்தால் கேஜைச் சந்தேகியுங்கள். அளக்க அளக்கக் கூடிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது.

கசிவுச் சோதனை: காலிக் கருவியை 50 மி.மீ. வரை இழுத்து, பம்ப் வால்வை மூடி, 10 நிமிடம் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்; பெரும்பாலும் வெளிக்காற்று வால்வுதான் குற்றவாளியாக இருக்கும். வெப்பமானியை நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குழம்பில் வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

அளவீடு, படிப்படியாக

காலையிலேயே தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீரை கன்டென்சரில் விட்டால் அசிட்டோன் ஆவி குளிராமல் பம்புக்கே போய்விடும். பனிக்கட்டி போட்ட வாளியிலிருந்து மீன்தொட்டி பம்ப் ஒன்றால் நீரைச் சுழலவிட்டால் போதும். வாளியையும் அதன் மின் இணைப்பையும் ஹூட்டுக்கு வெளியே, தள்ளி வையுங்கள்.

1. குமிழில் முக்கால் பங்கு அசிட்டோன் ஊற்றுங்கள். கருவியைச் சாய்த்து, வளைவுக்குள் இரண்டு மூன்று செ.மீ. அளவு திரவம் வரச் செய்யுங்கள்.

2. கருவியை இணைத்து, குமிழும் வளைவும் முழுதும் மூழ்கும்படி 20 டிகிரி நீரில் அமிழ்த்துங்கள். வளைவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே வேறு வெப்பநிலை, அளவு பொய்யாகும்.

3. பம்பை ஓடவிட்டு, வால்வை மெல்லத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குமிழிலிருந்து காற்று வளைவுத் திரவத்தின் வழியே குமிழ்குமிழாக வெளியேறும். 200 மி.மீ.க்குக் கீழே அசிட்டோனே கொதிக்கத் தொடங்கும்.

4. இங்கேதான் பொறுமை வேண்டும். மெல்லிய கொதிநிலையில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எழும் ஆவி குமிழின் மேல்பகுதியில் தங்கிய காற்றையும் திரவத்தில் கரைந்த காற்றையும் துடைத்துக்கொண்டு போகும். தடதடவென்று கொதிக்கவிட்டால் வளைவுத் திரவம் மேலே எறியப்பட்டு கன்டென்சருக்குப் போய்விடும். வளைவு வறண்டால் கருவியை மெதுவாகச் சாய்த்து குமிழிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம்.

5. பம்ப் வால்வை மூடுங்கள். வெளிக்காற்று வால்வைத் துளித்துளியாகத் திறந்து, வளைவின் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை காற்றை விடுங்கள். ஒரு துளி அதிகமானாலும் காற்று வளைவைத் தாண்டி குமிழுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தது தெரிந்தால் தயங்காமல் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். “கொஞ்சம்தானே” என்று விட்டுவிட்ட காற்று கடைசிவரை எல்லா எண்களையும் கூட்டிக் காட்டும்.

6. மட்டம் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் வெப்பநிலையையும் கேஜையும் ஒரே நேரத்தில் படியுங்கள். ஒருவர் வெப்பமானி, ஒருவர் கேஜ் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

7. மீண்டும் ஒரு முறை கொதிக்கவிட்டு அதே வெப்பநிலையில் அளங்கள். முன்பைவிடக் குறைந்தால் காற்று இன்னும் இருந்திருக்கிறது என்று பொருள். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போகும்வரை இதைச் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு எடுக்கும் எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

8. பீக்கரில் வெந்நீர் சேர்த்துக் கலக்கி 25 டிகிரிக்கு வாருங்கள். வெப்பம் ஏற ஏற உள்ளழுத்தம் கூடும். அதோடு சேர்த்து வெளிக்காற்றைச் சிறிது சிறிதாக விட்டு மட்டத்தைக் காத்துக்கொண்டே போங்கள். மட்டமானதும் படியுங்கள்.

9. இப்படியே 5 டிகிரிக்கு ஒன்றாக 50 டிகிரி வரை. அதற்கு மேல் வேண்டாம். 54.5 டிகிரியில் அசிட்டோனின் அழுத்தம் நம் ஊர்க் காற்றழுத்தத்தை எட்டிவிடும். தாண்டினால் கண்ணாடி மூட்டு தூக்கிக்கொண்டு கழன்று ஆவி வெளியே பீறிடும்.

மின்சாரம் போனால்: முதலில் பம்ப் வால்வை மூடுங்கள், பிறகுதான் மற்றது. மூடாவிட்டால் பம்ப் வழியே காற்று திரும்பி வந்து, வளைவுத் திரவத்தைக் குமிழுக்குள் தள்ளிவிடும்.

எண்கள் சரியா?

சுத்தமான அசிட்டோனுக்கு ஏறக்குறைய இவை வர வேண்டும்: 20 டிகிரியில் 185 மி.மீ., 25-இல் 231, 30-இல் 285, 40-இல் 424, 50-இல் 614. எம்.இ.கே.வுக்கு 20-இல் 71, 30-இல் 114, 40-இல் 177, 50-இல் 266.

30 டிகிரி அருகே அசிட்டோனின் அழுத்தம் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 12 மி.மீ. ஏறும். வெப்பமானியில் 0.1 டிகிரி பிசகினால் 1 மி.மீ.க்கு மேல் பிசகும். ஆகவே கேஜுக்கு மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு, கோடு அழிந்த வெப்பமானியை வைத்து அளப்பதில் பயனில்லை.

அழுத்தத்தின் இயற்கை மடக்கையை, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். நேர்கோடு வர வேண்டும். கோட்டின் சரிவை 8.314 ஆல் பெருக்கினால் ஆவியாகும் வெப்பம் கிடைக்கும். அசிட்டோனுக்கு மோலுக்கு 31 கிலோஜூல் அருகே வந்தால் உங்கள் வேலை சுத்தம். குளிர்ந்த பக்கத்துப் புள்ளிகள் மட்டும் கோட்டுக்கு மேலே எழுந்து நின்றால் அது மிச்சக் காற்றின் கைரேகை: தாழ்ந்த அழுத்தத்தில்தான் சிறிதளவு காற்றும் பெரிதாகத் தெரியும். எல்லாப் புள்ளிகளும் மேலே கொடுத்த எண்களைவிடக் கீழே, ஆனால் நேர்கோட்டில் நின்றால் மாதிரியில் நீரோ, மெதுவாக ஆவியாகும் வேறு பொருளோ கலந்திருக்கிறது. சப்ளையரிடம் பேச அந்த வரைபடம் நல்ல ஆதாரம்.

கன்டென்சரோடு கூடிய சாதாரணக் கொதிகலத்தில், வெந்நீர்த் தொட்டியில் வைத்து, திறந்த காற்றழுத்தத்தில் அசிட்டோனின் கொதிநிலையை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. அன்றைய காற்றழுத்தம் 720 என்றால் 54.5 டிகிரி வர வேண்டும். இதுவும் உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளிதான். அதே கோட்டில் விழ வேண்டும்.

தின்னருக்கு இது பொருந்தாது

தின்னர் கலவை. ஐந்தாம் படிக்கு வருமுன்பே அதில் வேகமாக ஆவியாகும் பாகம் பம்ப் பக்கம் போயிருக்கும்; நீங்கள் அளப்பது வேறொரு கலவையை. காற்றை நீக்கக் கொதிக்கவிடாத, மூடிய கலத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில் அளக்கும் முறைகள் கலவைகளுக்கு உண்டு. பெட்ரோலுக்கு 37.8 டிகிரியில் எடுக்கும் ரீட் அழுத்தம் அப்படிப்பட்டது. தின்னர் வேகமாகக் காய்கிறது, மெதுவாகக் காய்கிறது என்ற புகாருக்கு ஐசோடெனிஸ்கோப்பில் பதில் தேடாதீர்கள்.

அளந்த எண்ணை வேலைத்தளத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு. 30 டிகிரியில் எம்.இ.கே. டிரம்மின் மேல்வெளியில் ஆவி 114-ஐ 720-ஆல் வகுத்த பங்கு, அதாவது 16 சதவீதம். எரிவதற்கு வேண்டியதைவிட அதிகச் செறிவு. அதனால் டிரம்முக்குள் இருக்கும்வரை அது பற்றாமல் இருக்கலாம். மூடியைத் திறந்த கணத்தில் வெளிக்காற்றோடு கலந்து எரியும் எல்லைக்குள் இறங்கி வரும். மூடி திறக்கும் இடத்தில் ஏன் தீப்பொறி கூடாது, உறிஞ்சும் விசிறியின் வாயை ஏன் டிரம் மட்டத்தில், தரையை ஒட்டி வைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அலுவலரிடம் பேசும்போது இந்த எண்ணைக் காட்டுங்கள்.

முடித்துக் கட்டுவது

1. நீர்த்தொட்டியை அகற்றி, கருவி அறை வெப்பநிலைக்கு வரட்டும். சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.
2. வெளிக்காற்று வால்வை மெதுவாகத் திறந்து உள்ளே காற்றை நிரப்பிய பிறகே பம்பை நிறுத்துங்கள்.
3. பனிக்கட்டிக் குப்பியில் சேர்ந்த அசிட்டோன் சூடேறுமுன் ஹூட்டுக்குள் வைத்து வெளியே எடுத்துவிடுங்கள். அதை மறந்து மூடிவைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கலாம்.
4. ஏட்டில் தேதி, அன்றைய காற்றழுத்தம், மாதிரியின் பேட்ச் எண், உலர்த்திய முறை, எத்தனை முறை கொதிக்கவிட்டீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒத்துப்போகாமல் தள்ளிய அளவுகளையும் அடிக்காமல் விடுங்கள்.
5. கழிவை கீட்டோனுக்கென்று தனியாக எழுதி ஒட்டிய கேனில் ஊற்றுங்கள். குளோரோஃபார்ம் கழிவு இருக்கும் கேனில் ஊற்றவே கூடாது. அங்கே கொஞ்சம் காரம் சேர்ந்திருந்தாலும் கேன் சூடேறிப் பொங்கும். கழிவுநீர்த் தொட்டியிலும் விடாதீர்கள். ஆவி குழாய் வழியே போய் எங்கோ ஒரு மூலையில் தேங்கி நிற்கும்.